டிவி தொடரைச் சினிமாவாக்குவது: நெல்லை நண்பர்களின் கேள்விகள், ஒரு திரைக்கதைக்காரரின் பதில்கள்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, எட்டு எபிசோடு எழுதி வைத்திருக்கிறேன். பத்தமடையில் பாய் நெய்கிற குடும்பம். மூன்று அக்கா தங்கைகள், அப்பாவின் கடன், பங்காளிகளோடு சொத்துத் தகராறு. மூத்தவள் தன் கல்யாணப் பாயைத் தானே நெய்துகொண்டிருக்கும்போது கல்யாணம் நின்றுபோகிறது. இதைப் படமாகக் கேட்கிறார்கள். எங்கிருந்து வெட்டுவது?

வெட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் தம்பி. எபிசோடுக்கு 45 நிமிடம் என்றாலும் உங்களிடம் 6 மணி நேரக் கதை இருக்கிறது. படத்துக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். எல்லாக் காட்சியையும் பாதிப் பாதியாகக் குறைத்தால் படம் முழுக்க ‘முன்கதைச் சுருக்கம்’ மாதிரியே ஓடும். இது யாருடைய கதை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பத்தமடைக் கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரை நெய்து தருவார்கள். உங்கள் மூத்தவள் தன் பெயரை நெய்து முடித்து, மாப்பிள்ளை பெயரில் இரண்டு எழுத்து ஏற்றியிருக்கும்போது சேதி வருகிறது என்று வையுங்கள். தொடரில் அது மூன்றாவது எபிசோடின் ஒரு காட்சி. எனக்கு அதுதான் படம். தறியில் பாதியில் நிற்கிற பாயை அவள் என்ன செய்வாள்? பிரிப்பாளா, அறுத்து எறிவாளா, அந்த இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கிற வேறு பெயரைத் தேடுவாளா? அப்பா கடன்காரருக்குப் பதில் சொல்ல அதே பாயை விற்கப் பார்த்தால் கடனும் கதைக்குள் வந்துவிடும். சொத்துத் தகராறு தானாக உதிர்ந்துவிடும். தங்கைகள் இருவரையும் ஒருத்தியாக்கிவிடுங்கள். எழுதியவருக்கு வலிக்கும், தெரியும். ஆனாலும் செய்யுங்கள்.

தென்காசி வாசகர்: வெளிநாட்டில் இதை உருப்படியாகச் செய்த உதாரணம் உண்டா?

‘தி ஃப்யூஜிடிவ்’ நல்ல பாடம். அமெரிக்காவில் 1963 முதல் 1967 வரை 120 எபிசோடு ஓடிய தொடர். மனைவியைக் கொன்றதாகப் பழி சுமந்த டாக்டர் ஓடிக்கொண்டே இருப்பார். வாராவாரம் புது ஊர், புது மனிதர்கள். 1993-ல் ஹாரிசன் ஃபோர்டை வைத்துப் படமாக்கியபோது அந்த ஊர்களையும் மனிதர்களையும் அடியோடு தூக்கிவிட்டார்கள். டாக்டர், அவரைத் துரத்துகிற அதிகாரி, கொலைகாரனான ஒற்றைக் கை ஆள், இவ்வளவுதான் எடுத்துக்கொண்டது. கூடவே, கொலை ஏன் நடந்தது என்பதற்கு ஒரு மருந்துக் கம்பெனியின் மோசடியைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். அதனால்தான் படம் தன் காலில் நிற்கிறது.

பல கிளைக்கதைகளை விடவே முடியாது என்றால் ‘டிராஃபிக்’ பாருங்கள். 1989-ல் பிரிட்டனில் ஆறு பாகமாக வந்த ‘டிராஃபிக்’ தொடர் பாகிஸ்தான் ஹெராயின் ஐரோப்பாவுக்குப் போகிற கதை. 2000-ல் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் அதைப் படமாக்கியபோது மெக்சிகோ, அமெரிக்கா என்று மாற்றினார். கதைகள் கலந்து குழப்பாமல் இருக்க மெக்சிகோ காட்சிகளுக்கு வெயில் மஞ்சள், வாஷிங்டன் அரசியல் பக்கத்துக்குக் குளிர்ந்த நீலம் என்று நிறத்தைப் பிரித்துக் கொடுத்தார். திரையைப் பார்த்த நொடியில் எந்தக் கதைக்குள் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். தொடரில் எபிசோடு பிரிவு செய்கிற வேலையைப் படத்தில் நிறம் செய்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: எபிசோடு முடிவில் வைத்த திருப்பங்களை என்ன செய்ய?

எட்டு எபிசோடு என்றால் எட்டுத் திருப்பங்களில் ஒன்றை இடைவேளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், போதும். மற்றவை அடுத்த வாரம் வரை ஆளைப் பிடித்து வைக்க எழுதியவை. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் எங்கும் போகப் போவதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு அதிர்ச்சி கொடுத்தால் நாலாவதில் அலுத்துப்போவார்.

வள்ளியூர் சகோதரி: படம் எல்லா ஊருக்கும் போகும் என்பதால் நெல்லைத் தமிழைக் குறைக்கச் சொல்கிறார்கள். சரியா அண்ணாச்சி?

எனக்கு இதில் ஒப்புதல் கிடையாதும்மா. வரிக்கு வரி ‘ஏலே’ போடுவதைக் குறையுங்கள், அது வெறும் அலங்காரம். ஆனால் பேச்சு முறையைத் தொடாதீர்கள். “மதினி, அண்ணன் வந்துட்டாவளா?” இந்த ஒரு வரியில் பேசுபவர் யார், எதிரே நிற்பவர் யார், வீட்டில் அண்ணனுக்கு என்ன மரியாதை என்று மூன்றும் வந்துவிட்டது. தொடரில் இதைச் சொல்ல முதல் எபிசோடு முழுக்க இருக்கும். படத்தில் இந்த வரிதான் இருக்கிறது. நேரம் குறைவாக இருக்கிற இடத்தில்தான் நம்ம ஊர்ப் பேச்சு கூடுதலாக உதவும்.

சங்கரன்கோவில் வாசகர்: எடுத்து முடித்த தொடரையே எடிட் செய்து தியேட்டரில் விடலாமா?

முன்கூட்டியே திட்டமிட்டால் முடியும். ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் ‘ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்’ கதைக்கு 312 நிமிடத் தொலைக்காட்சி வடிவமும் 188 நிமிடத் திரை வடிவமும் தந்தார். நம் அன்றாடத் தொடர் ஃபுட்டேஜில் அது கஷ்டம். முக்கால்வாசி குளோசப், பெரிய திரையில் கண் வலிக்கும். சமையல்கட்டில் வேலையாக இருப்பவருக்கும் கதை புரியட்டும் என்று ஒரே சேதியை மூன்று பேர் வாயால் சொல்ல வைத்திருப்பார்கள். அதையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவது ஒட்டாது. சவுண்டையும் தியேட்டருக்காகப் புதிதாக மிக்ஸ் செய்ய வேண்டும்.

பாளையங்கோட்டை மாணவர்: தொடரைப் பார்த்தவர்கள் மறுபடி டிக்கெட் வாங்குவார்களா?

முடிவு தெரிந்த கதைக்குத் தயங்குவார்கள். ஒரு பிரபுக் குடும்பத்து மாளிகையில் நடக்கிற பிரிட்டிஷ் தொடர் ‘டவுன்டன் ஆபி’ 2015-ல் முடிந்தது. 2019-ல் வந்த படம் பழைய கதையைத் திருப்பிச் சொல்லவில்லை. அதே வீட்டுக்கு ராஜாவும் ராணியும் வருகிறார்கள் என்று புது நிகழ்ச்சி வைத்தார்கள். அந்த வழியில் போனாலும், தொடரே பார்க்காத ஒருவருக்கு முதல் பத்து நிமிடத்தில் யார் யார் என்று பிடிபட வேண்டும்.

களக்காட்டிலிருந்து ஒரு எழுத்தாளர்: என் கதையை ஒரு தொடருக்கு எபிசோடு கணக்கில் எழுதிக் கொடுத்தேன். படமாக்க உரிமை என்னிடம் இருக்கிறதா?

ஒப்பந்தத்தை எடுத்து வாருங்கள், அதில்தான் பதில் இருக்கிறது. எடுத்த தொடர் தயாரிப்பாளருடையது. கதை உங்களுடையதா என்பது எதை எழுதிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்; எந்த உரிமை என்றும் குறிப்பிட வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 வருடம் என்று வைத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘திரைப்பட உரிமை’, ‘எல்லா வடிவங்களும்’ போன்ற சொற்கள் எங்காவது இருக்கிறதா என்று வரிவரியாகத் தேடுங்கள். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உங்களுக்கே திரும்பும். காப்புரிமை தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அதற்கப்புறம் படத் தயாரிப்பாளரிடம் பேசுங்கள். அதுவரை திரைக்கதையை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.