புதிதாக வாங்கிய காட்டுக் கத்தியையும் உறையையும் மார்கழியில் தீ மூட்டிச் சோதிப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் உறைபனி கிடையாது. இங்கே குளிர்காலத்தில் தீக்கு எதிரி ஈரம்தான். அதனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பனி இறங்கிய ஒரு விடியற்காலையில் உங்கள் தோட்டத்திலேயே சோதித்துப் பாருங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தீ மூட்டவே கூடாது.

நனைந்த உடைமரக் குச்சி ஒன்றை எடுத்து, கத்தி முதுகில் கட்டையால் தட்டிப் பிளந்து பாருங்கள். உள்ளே காய்ந்திருக்கும். பிடி ஆடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் உள்மரத்தை மெல்லிய சுருளாகச் சீவுங்கள். சுருள் உதிராமல் குச்சியிலேயே நின்றால் கூர் நல்ல கூர். எனக்கு முக்கியமான சோதனை இதுதான்.

அடுத்தது பொறி. உரசினால் தீப்பொறி கொட்டும் ஃபெரோ கம்பியை உரச, கத்தி முதுகின் விளிம்பு சதுரமாக இருக்க வேண்டும். மழுங்கி உருண்டிருந்தால் பொறி வராது. உதிர்த்த தேங்காய் நாரின்மேல் கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பின்னால் இழுங்கள். கத்தியைத் தள்ளினால் நார் கலைந்துவிடும்.

உறையைத் தலைகீழாக உதறுங்கள், கத்தி விழக் கூடாது. சரி, தண்ணீர் ஊற்றினால்? அடியில் துளை இருந்தால் வடிந்துவிடும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கார்பன் எஃகுக் கத்தி அதற்குள் ஒரே இரவில்கூடத் துருப்பிடிக்கலாம். துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள்.