நகருக்குள் நிற்கும் கற்கோயில்

கேள்வி: மோல்டாத் தீவில் வீடுகளுக்கு நடுவே ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான கற்கோயிலொன்றை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கற்களை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு அந்தக் காணியில் வீடு கட்டியிருக்கலாமே? இங்கும் அத்திவாரம் வெட்டும்போது ஈமத்தாழி (இறந்தோரை இட்டுப் புதைத்த பெரிய மட்பாண்டம்) வந்தால், தூக்கிக் கொடுத்துவிட்டால் போதாதா? (வாசகர், வவுனியா)

பதில்: போதாது. காணி நெருக்கடியைக் காரணம் காட்டும் உரிமை மோல்டாக்காரருக்கே முதலில் உண்டு. 316 சதுர கிலோமீற்றரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர், எமது வவுனியா மாவட்டமோ அதைப் போல ஆறு மடங்கு பெரியது. அப்படியிருந்தும், 1915 இல் தொல்லியலாளர் தெமிஸ்தோக்லிஸ் சமித் அகழத் தொடங்கிய, நீங்கள் குறிப்பிடும் தார்ஷீன் கோயில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. செதுக்கு வேலைப்பாடுள்ள கற்கள் சில மட்டும், மழையிலும் வெயிலிலும் தேய்ந்துவிடாதிருக்க, தலைநகர் வலெட்டாவின் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அந்தக் கோயிலில் இருந்த ஒரு பீடத்தைப் பாருங்கள். சுருள் கோலம் செதுக்கிய அதன் முகப்பில் ஒரு கல்லடைப்பு இருந்தது. அதை எடுத்தபோது உள்ளே தீக்கல் கத்தியும் ஆட்டுக் கொம்பும் விலங்கெலும்புகளும் கிடந்தன. அந்தக் கத்தி தனியே ஒரு பெட்டியில் வந்து சேர்ந்திருந்தால், அது அடுக்களைக் கத்தியா பலிபீடத்துக் கத்தியா என்று யார் சொல்வார்?

நீங்கள் சொல்லும் வழியின் விளைவையும் அந்தக் கோயிலின் அயலிலேயே காணலாம். 1902 இல் புது வீடுகளுக்கு நீர்த்தொட்டி வெட்டியவர்கள் ஹல் சஃப்லியேனி என்னும் நிலத்தடி ஈமக்குடைவை உடைத்துத் திறந்தனர்; வேலை தடைப்படுமென்று முதலில் மறைக்கவும் பார்த்தனர். பின்னர் அதை அகழ்ந்த பாதிரியார் மானுவேல் மக்ரி 1907 இல் இறந்தார், அவரது குறிப்புகளும் தொலைந்தன. சுமார் 7,000 பேரின் எலும்புகள் இருந்ததாக மதிப்பிடப்பட்ட இடத்தில், யார் யாரோடு எப்படிக் கிடத்தப்பட்டார் என்ற செய்தியில் பெரும்பகுதி போனது போனதுதான்.

தொல்பொருள் என்ற பேச்சு எழுந்தாலே காணி பறிபோகும் என்று வன்னியில் பலர் அஞ்சுவதை அறிவேன். அந்த அச்சம் காரணமின்றி வந்ததல்ல. ஆனால் சத்தமில்லாமல் உடைத்த தாழியோடு, இந்த மண்ணில் எமக்கு முன் வாழ்ந்தவர்களின் சாட்சியமும் உடைகிறது. இங்கு யாருமே இருந்ததில்லை என்று நாளை ஒருவர் எழுதினால் மறுத்துக் காட்ட எம்மிடம் எதுவும் மிஞ்சாது. ஆகவே பெக்கோவை நிறுத்துங்கள். தாழியில் கை வைக்குமுன், அது கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் அளவு நாடாவை விரித்துப் படமெடுங்கள்; ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் எழுதி வையுங்கள்; தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கும் அதே நாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் அறிவியுங்கள்.