பாத்திரம் கழுவிக்கொண்டே இடுப்புச் சதை குறையுமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: எனக்கு வயது 58. மூன்று வாரங்களுக்கு முன்பு வீட்டுக்கே வந்து விற்ற ஒரு பெண்ணிடம், அடிப்பாகம் வளைந்த உடற்பயிற்சி ஷூ வாங்கினேன். முழங்கால் வலிக்கு ஆகுமா என்று கேட்டதற்கு, நன்றாக ஆகும் என்றார். சமைக்கும்போதும் பெருக்கும்போதும் போட்டிருந்தாலே இடுப்புச் சதை இறுகுமாம். இப்போது கணுக்காலும் வலிக்கிறது. "தசை வேலை செய்வதால்தான் வலி, ஆறு வாரம் பொறுங்கள்" என்கிறார். பொறுக்கலாமா?

பாத மருத்துவரின் பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா. இன்றே கழற்றி வையுங்கள்.

இந்த ஷூவின் அடி, குதிகாலில் தொடங்கி விரல்நுனி வரை உருண்டு செல்வதற்காக வளைக்கப்பட்டது. அதாவது, நேராக நீள அடி வைத்து நடப்பவருக்கானது. சமையலறையில் யார் அப்படி நடக்கிறார்கள்? சிங்க்கிலிருந்து அடுப்புக்குத் திரும்புவதும், பக்கவாட்டில் அரை அடி நகர்வதும், எட்டி ஒரு டப்பாவை எடுப்பதும்தான் அங்கே நடக்கிறது. சோறு கொதிக்கும் பானையைக் கையில் பிடித்தபடி நீங்கள் திரும்பும்போது, மெத்தென்ற குதிப்பகுதி ஒரு பக்கமாக அமுங்கி, கணுக்கால் உள்ளே சாய்கிறது. ஈரமான டைல்ஸ் தரையில் விழுவதற்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ஒரு நாள் வெறுங்காலோடு, சிங்க்கின் விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒற்றைக் காலில் 10 வினாடி நின்று பாருங்கள். நிற்க முடியவில்லையென்றால், இந்த வகை ஷூவை வெளியிலும் போடக்கூடாது.

சதை இறுகும் என்ற பேச்சு புதியதல்ல. இதே போன்ற விளம்பரங்களுக்காக அமெரிக்க ஃபெடரல் வணிக ஆணையத்துடன் ஏற்பட்ட சமரசத்தில் ரீபாக் நிறுவனம் 2011-இல் 2.5 கோடி டாலரும், ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் 2012-இல் 4 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. அங்கே அடிபட்ட கதை இங்கே வீட்டு வாசலில் இன்னும் விலை போகிறது.

ஒரே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. அவர்களில் சிலருக்கு நாங்களே வளைந்த அடி கொண்ட ஷூ எழுதித் தருகிறோம். ஆனால் அது வளையாத, கெட்டியான அடி, முன்பாதத்தின் அழுத்தத்தைக் குறைப்பதற்கானது, உங்களிடம் உள்ள தள்ளாடும் பஞ்சு அடி அல்ல. "வீட்டுக்குள் செருப்பா?" என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வாசலைத் தாண்டாத தனி ஜோடி ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். பூசை அறை வாசலில் நாற்காலியில் அமர்ந்து, அதைக் கழற்றிவிட்டு அங்கிருந்தே கும்பிடட்டும். காலை வெட்டிய பிறகு செலவழிக்கத் தயங்காத நம் மருத்துவ ஏற்பாடு, வெட்டாமல் காக்கும் இந்த ஷூவுக்கு எத்தனை படிவம் கேட்கிறது என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

இனி அந்த விற்பனைப் பெண். வீடு தேடி வந்து விற்ற பொருளை, காரணமே சொல்லாமல் 5 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் திருப்ப, தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. "ஆறு வாரம் பொறுங்கள்" என்பது எதற்காக என்று இப்போது புரிகிறதா? அந்தக் கெடு போய்விட்டது. ஆனால் முழங்கால் வலிக்கு என்று நீங்கள் சொல்லிக் கேட்டு, ஆகும் என்று அவர் விற்றிருக்கிறார். சொன்ன பயனுக்கு உதவாத பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் கேட்டதையும் அவர் சொன்னதையும் தேதியோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்காதீர்கள். மாற்றாக "இதைவிட நல்ல மாடல்" தருகிறேன் என்பார், பணம்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். கடைவீதியில் மேசை போட்டு, கணினியில் பாதத்தைப் படம் பிடித்து, ஷூவுக்குள் வைக்கும் உள்ளட்டை விற்பவரிடமும் அடுத்துப் போய்ச் சிக்காதீர்கள். பாதம் பார்ப்பவர் எவராயினும், சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்ட பிறகே காலை நீட்டுங்கள்.

கணுக்கால் வலி இரண்டு வாரத்தில் தணியாவிட்டாலோ வீக்கம் கண்டாலோ, அந்த ஷூவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை நாங்கள் பார்க்க வேண்டும்.