வசியமும் வேதமும்: கேட்டவையும் சொன்னவையும்

மாந்திரீக வரலாற்றைப் படித்து வருகிறேன் என்பதால் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. செய்முறை கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

உப்புவெளி வாசகர்: சேர், வசியம் கெட்ட மந்திரம்தானே? அது வேதத்தில் வருமா?

வரும் தம்பி. அதர்வ வேதம் 3ஆம் காண்டம், 25ஆம் சூக்தம் (பாட்டு) முழுக்க அதுதான். காமனின் அம்பு நான் விரும்புகிறவள் நெஞ்சில் தைக்கட்டும், அவள் படுக்கையில் இருப்புக் கொள்ளாமல் போகட்டும் என்று கேட்கிறது. அதற்குரிய சடங்கை அந்த வேதத்தின் சடங்கு நூலான கௌசிக சூத்திரம் சொல்கிறது: மண்ணில் உருவம் பிடித்து நெஞ்சில் அம்பு எய்ய வேண்டும். எல்லாமே இவ்வளவு முரடு இல்லை. 6ஆம் காண்டத்தில், கொடி மரத்தைத் தழுவுவதுபோல் என்னைத் தழுவு என்று ஒரு பாட்டு உண்டு, எனக்குப் பிடித்தது.

நிலாவெளி வாசகி: பொம்மையில் ஊசி குத்துவது எங்கட ஊர்ச் சூனியம் மட்டும்தானா?

இல்லை தங்கச்சி. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் எகிப்திய மண் பொம்மை ஒன்று இருக்கிறது: கைகள் பின்னால் கட்டப்பட்ட பெண், உடம்பில் 13 ஊசிகள். அதே 13 ஊசிக் கணக்கு ஒரு கிரேக்கப் பப்பிரசுச் சுவடியிலும் வருகிறது. அவள் உண்ணாமல், உறங்காமல் என்னிடம் வரட்டும் என்பதே இந்த வகை மந்திரங்களின் வேண்டுதல். இதைக் காதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழைக்கும் பெயர்களில் எகிப்தியத் தெய்வங்களோடு யூதர்கள் கடவுளை அழைக்கும் அதோனாய் என்ற பெயரும் இருக்கும். எழுதியவன் யூதனாக இருக்கத் தேவையில்லை. அடுத்த வீட்டுச் சாமிக்கு வீரியம் கூட என்ற எண்ணம்தான். சைவக்காரர் ஓதிய தண்ணீருக்கு மௌலவியிடம் போவதை நாமும் கண்டிருக்கிறோமே.

மூதூர் வாசகர்: குர்ஆன் வசனம் எழுதித் தாயத்துக் கட்டுகிறார்களே, சேர்?

மார்க்கத் தீர்ப்பை மார்க்கம் கற்ற ஆலிமிடம் கேளுங்கள். வரலாற்றைச் சொல்கிறேன். கணவன் மனைவியைப் பிரிக்கும் சூனியத்தைக் குர்ஆன் 2:102 கண்டிக்கிறது. காதல் தாயத்தை இறைவனுக்கு இணைவைப்பது என்று சொல்லும் நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உண்டு. ஆனாலும் எழுதிக் கட்டினார்கள். அதற்கு எடுத்த வசனங்களில் ஒன்று 20:39. குழந்தை மூஸாமீது இறைவன் அன்பைப் பொழிந்ததைச் சொல்லும் வசனம் அது. அன்பு வருகிறதா, போதும். யார்மேல் என்பது தாயத்து எழுதுபவருக்குப் பொருட்டில்லை.

பாலையூற்று வாசகர்: தேவாலயத்திலும் இப்படி நடந்ததா?

நடந்தது. நற்கருணை அப்பத்தையும் திருத்தைலத்தையும் திருடி வசியத்துக்குப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். இரண்டையும் பூட்டி வைக்கச் சொல்லி 1215இல் திருச்சபையின் பெரும் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கமே விதி போட்டது.

தம்பலகாமம் வாசகி: கலியாணத் தடைக்குச் 'சடையாய் எனுமால்' பதிகம் படிக்கச் சொன்னா அம்மம்மா. அதுவும் வசியமா?

திருமருகலில் பாம்பு தீண்டி இறந்த வணிகன் எழும்பி, தன்னை நம்பி வந்தவளை மணக்கச் சம்பந்தர் பாடியது அது. நம் நிலைமைக்குப் பொருந்தும் கதையைத் தேடிப் படிப்பதில் தாயத்துக்காரரின் வழியும் இதுவும் ஒன்றுதான். ஆனால் இங்கே யாருடைய பெயரையும் எழுதிக் கட்டி இழுக்கவில்லை, யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை. தாராளமாகப் படியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: வசியம் செய்து தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர், நான் விரும்புகிறவளின் படமும் நட்சத்திரமும் காசும் கேட்கிறார்.

அனுப்ப வேண்டாம். படம் கையில் கிடைத்தால், அடுத்து மிரட்டிக் காசு கேட்பார்.