தியேட்டர் முழுசா, வகுப்பறை பாதியா?

வரும் திங்கட்கிழமை, 2021 நவம்பர் 1-ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறக்கின்றன. கொரோனாவால் பள்ளிகளை மூடியதில், அந்தப் பிள்ளைகள் கடைசியாக வகுப்பில் உட்கார்ந்தது 2020 மார்ச்சில். இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். மீதி ஆபீஸ், தொழில், அப்புறம் மறுபடி ஊரடங்கு வருமா என்ற பயம். பொதுச் சுகாதாரத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. எனக்கும் கணவருக்கும் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. அவனுக்குத்தான் ஊசியே வரவில்லையே? ஜனவரி வரை பார்த்துவிட்டு அனுப்பலாமா? – வாசகி, திருச்சி

திங்கட்கிழமையே அனுப்புங்கள் அம்மா. ஜனவரியில் என்ன மாறிவிடும்? அவன் வயதுக்கு ஊசி எப்போது வரும் என்று இன்னும் யாரும் தேதி சொல்லவில்லை. தேதி தெரியாத ஒன்றுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தால் அது பொங்கலோடு நிற்காது.

ஒரு கணக்கு சொல்கிறேன். இந்த வருடம் ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேரிடம் கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. நம் ஊரில் இந்த வயதுப் பிள்ளைகள் ஒன்றரை வருடமாகப் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. அப்படி இருந்தும் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கிருமி வந்து போயிருக்கிறது. பல வீடுகளில் யாருக்கும் தெரியக்கூட இல்லை. வெளியே போய்வந்த நாம்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அந்த முடிவு வெளியானபோதே கழகத்தின் தலைவர் பல்ராம் பார்கவா, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றார். நாம் கடைசியில் திறக்கிறோம்.

மகனுக்கு இதய நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் அவனைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. மற்றபடி சளி, காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாராசிட்டமால் கொடுத்து வேனில் ஏற்றிவிடுகிற நம் ஊர்ப் பழக்கத்தை இந்த ஒரு வருடமாவது விட வேண்டும். பள்ளியில் கேட்க வேண்டியது, ஜன்னல்கள் திறந்திருக்குமா, சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்கார வைப்பார்கள் என்ற இரண்டு மட்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டது, சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும் என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி: டாஸ்மாக்கை முதலில் திறந்தார்கள். நவம்பர் 1 முதல் தியேட்டரில் நூறு சதவீதம் உட்காரலாமாம். வகுப்பறையில் மட்டும் சுழற்சி முறையாம். கிருமி படம் பார்க்க வராதா? – வாசகர், சென்னை

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2020 மே 7-ஆம் தேதி மதுக்கடை திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்ததும் மே 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. ஒன்றாம் வகுப்பு திறக்க அதற்குப் பிறகு ஏறக்குறைய பதினேழரை மாதம் ஆகியிருக்கிறது. காரணம் மருத்துவம் இல்லை. கடைகளுக்கு வருமானம் உண்டு, தியேட்டர் உரிமையாளர்களுக்குச் சங்கம் உண்டு, சங்கம் கோட்டைக்கு மனு கொண்டு போகும். இரண்டாம் வகுப்பு மாணவர் சங்கம் என்று ஒன்று கிடையாது.

ஆனால் முதல் சில மாதங்களில் பள்ளியை மூடியதைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரண ஃப்ளூ காய்ச்சலைக் குழந்தைகள்தான் ஊரெல்லாம் பரப்புவார்கள்; இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். அந்தச் சமயத்திலேயே டென்மார்க் வேறு மாதிரி யோசித்தது. 2020 ஏப்ரல் 15-ஆம் தேதி, சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளை முதலில் திறந்தது. சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்த அளவு வெளியே உட்கார வைத்தார்கள். இஸ்ரேல் மே மாதத்தில் மளமளவென்று எல்லா வகுப்புகளையும் திறந்தது. வெயில் கொளுத்தியதால் முகக்கவசம் வேண்டாம் என்று தளர்த்தினார்கள், ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டார்கள். ஜெருசலேமில் ஒரே பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது. இஸ்ரேலைக் காட்டி 'பார்த்தீர்களா, பள்ளி ஆபத்து' என்பவர்கள் டென்மார்க்கைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பர் 16-ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறப்பதாக இருந்து, பெற்றோர் கருத்தைக் கேட்டபின் தள்ளிவைத்தார்கள். அப்போது நானும் 'சரியான முடிவு' என்றேன். இன்று பார்த்தால், 2021 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஒரு நாள் தொற்று ஐந்நூற்றை ஒட்டித்தான் இருந்தது. அந்த நல்ல காலத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மட்டும், அதுவும் சில வாரங்கள்தான் பள்ளி நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சில வாரங்கள்கூடக் கிடைக்கவில்லை. இந்த வருடமே பஞ்சாப் ஆகஸ்ட் 2-ஆம் தேதி எல்லா வகுப்பையும் திறந்துவிட்டது.

கேள்வி: சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள். ஏசி ஹால். அம்மாவுக்கு 71 வயது, கோவிஷீல்டு ஒரு ஊசிதான் போட்டிருக்கிறார். – வாசகர்

கவலை ஆபீஸைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் சரி செய்ய வேண்டியது வீட்டில் இருக்கிறது. முதல் ஊசி போட்டு, இரண்டாவதற்கு வேண்டிய 84 நாள் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அடுத்த மெகா தடுப்பூசி முகாமுக்கே அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஆகாவிட்டால் அதுவரை வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன.

ஆபீஸில் சுடுநீர், வாசலில் வெப்பமானி என்று ஆயிரம் ஏற்பாடு இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, ஹாலுக்குள் வெளிக்காற்று வருகிறதா என்பது. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும் ஏசி என்றால் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். மதியம் கேன்டீனில் எட்டுப் பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து கதை பேசுவதுதான் எனக்குப் பிடிக்காத இடம்.

கேள்வி: திறப்பதற்கு முன் பள்ளி முழுக்க மருந்து அடித்தால் போதுமா? – வாசகர், கரூர்

போதாது. சுவரிலிருந்து இந்தக் கிருமி பரவுவது மிகவும் குறைவு. 2020 ஏப்ரலில் திருப்பூரில் ஆரம்பித்துப் பல ஊர்களில், ஆட்களை உள்ளே நடக்கவிட்டு மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், சில நாளிலேயே சுகாதாரத் துறை நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும். அந்தக் காசில் கழிவறைக்குத் தண்ணீர் வரச் செய்யலாம்.

கேள்வி: சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். மூன்றாவது அலை வந்தால் மறுபடி எல்லாவற்றையும் மூடிவிடுவார்களா? ஆர்டர் எடுக்கவே யோசனையாக இருக்கிறது. – வாசகர், திருப்பூர்

ஜோசியம் எனக்குத் தெரியாது. ஊரடங்கு என்ன செய்யும், எதைச் செய்யாது என்று சொல்கிறேன், அதிலிருந்து நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

ஊரடங்கு கிருமியைக் கொல்லாது. ஆஸ்பத்திரிக்கு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். இந்த வருடம் மே 21-ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று, ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ் வரிசை. அந்த நிலையில் மூடியது சரி. இன்று ஆயிரத்துச் சொச்சம். சோதிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் தொற்று. இரண்டு வாரம் தொடர்ந்து நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் தளர்த்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே ஒரு அளவு சொன்னது. ஆகவே காலையில் தொலைக்காட்சியில் ஓடும் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், இந்தச் சதவீதத்தையும், உங்கள் மாவட்டத்தில் எத்தனை ஆக்சிஜன் படுக்கை காலி என்பதையும் பாருங்கள். அவை இரண்டும் கெடாமல் யாரும் உங்கள் தையல் மெஷினை நிறுத்தச் சொல்லக் கூடாது.

மாவட்டம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வருடம் மாநில அரசு எடுத்த ரத்த ஆய்வில் விருதுநகரில் 84 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள், உங்கள் பக்கத்து ஈரோட்டில் 37 தான். ஜூன் 7-ஆம் தேதி தளர்வு வந்தபோது கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களைக் காத்திருக்கச் சொன்னது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கு அது ஒழுங்கான முடிவாகத்தான் பட்டது. சென்னை மூடினால் திருப்பூரும் மூட வேண்டியதில்லை, திருப்பூர் மூடினால் சென்னையும் மூட வேண்டியதில்லை.

இன்னொன்று. இன்று ஒருவருக்குத் தொற்று வந்தால் அது கணக்கில் ஏற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒரே நாளில் பத்து விஷயங்களைத் திறந்துவிட்டால் பிறகு எண்ணிக்கை ஏறும்போது எதனால் என்று தெரியாது. பழி பள்ளிக்கூடத்தின் மேல் விழும். இந்த முறை அதுதான் என் பயம். பள்ளி திங்கட்கிழமை, தீபாவளி வியாழக்கிழமை. தி.நகர் கூட்டத்தால் நவம்பர் நடுவில் தொற்று ஏறினால் 'பார்த்தீர்களா' என்று பள்ளியை மூடச் சொல்வார்கள்.

மூடுவதாக இருந்தாலும் அறிவிக்கிற விதம் முக்கியம். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்றார்கள். 25-ஆம் தேதி கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. கோயம்பேடு சந்தையில் அந்த நாட்களில் தொற்று எப்படிப் பரவியது, அங்கிருந்து எத்தனை மாவட்டங்களுக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. கிருமிக்குத் தீபாவளி என்றால் அது ஊரடங்குக்கு முந்தின நாள்தான்.

ஆர்டர் எடுங்கள். தொழிலாளர் விடுதியில் எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்றா என்று முதலில் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: கிராமத்து நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் நான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதுவரை பள்ளிக்குள்ளேயே வந்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? – வாசகர், விழுப்புரம் மாவட்டம்

இது மருத்துவக் கேள்வி இல்லை, ஆனாலும் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு மணி அடித்தால் என்ன செய்வது என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்தில், இந்த அக்டோபர் 27-ஆம் தேதிதான் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாலையில் தன்னார்வலர்கள் வந்து சொல்லிக்கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது உங்கள் வகுப்புக்குத் துணை, மாற்று இல்லை.

எனக்கு இரண்டாம் வகுப்பைவிட ஏழு, எட்டாம் வகுப்பு பற்றித்தான் அதிக யோசனை. இந்த ஒன்றரை வருடத்தில் செங்கல் சூளைக்கும் மளிகைக் கடைக்கும் போன பையன்கள், கல்யாணம் பேசி முடித்த பெண் பிள்ளைகள் திங்கட்கிழமை தானாக வரமாட்டார்கள். பதிவேட்டை எடுத்து வராதவர்களின் பெயரை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள். மாலையில் மழை விட்டதும் அந்தத் தாளோடு ஒரு ஆசிரியரைத் தெருவுக்குள் அனுப்புங்கள். அந்தத் தாளில் எத்தனை பெயர் இருந்தது என்று எனக்கு எழுதினால் நன்றாக இருக்கும்.