அக்கா எழுதிய கட்டுரைகள்

கேள்வி: கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பட்டம் வாங்க 120 கிரெடிட், அதாவது பாடங்களை முடித்தால் சேரும் புள்ளிகள், வேண்டும். அதில் 42 கிரெடிட் பொதுக்கல்விப் பாடங்கள். வரலாறு, தத்துவம், சமூகவியல், எழுத்துப் பயிற்சி என்று நான் பார்க்கப்போகும் வேலைக்குத் தொடர்பே இல்லாதவை. மேஜர், அதாவது என் முதன்மைத் துறைப் பாடங்களுக்கே நேரம் போதவில்லை. இதுவரை மூன்று பாடங்களுக்கான கட்டுரைகளை அக்காதான் வேலை முடிந்து வந்து இரவில் எழுதித் தந்தாள். பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் அவளுக்கு இதெல்லாம் பிடிக்கும். எல்லாவற்றிலும் நல்ல கிரேடு. இன்னும் இரண்டு பாடங்கள் பாக்கி. அவற்றுக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாமா? பல்கலைக்கழகங்கள் ஏன் இப்படி எங்கள் பணத்தையும் காலத்தையும் வீணடிக்கின்றன?

பதில்:

தம்பி,

பொதுக்கல்வி வீண் என்று புலம்பும் கடிதங்கள் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் எனக்கு வருகின்றன. உனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ‘பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் அவளுக்கு இதெல்லாம் பிடிக்கும்.’

பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொண்டாய்? நீ தூங்கப் போன பிறகும் அவள் உன் பாடப்புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பாய். கட்டுரைக்குத் தேவையானதைவிட இரண்டு அத்தியாயம் கூடுதலாகப் படித்துவிட்டு, காலையில் அதைப் பற்றி உன்னிடம் பேச வந்திருப்பாள். நீ காதில் வாங்கியிருக்க மாட்டாய். கூடப் பிறந்தவளுக்குப் படிப்பின் மேல் இவ்வளவு ஆசை என்று தெரிந்த பிறகும், அடுத்த அசைன்மென்ட்டை அவள் தலையில் கட்டத்தான் உனக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இல்லையா?

கணக்குப் போட்டுப் பார். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது பொதுவான அளவு. மூன்று கிரெடிட் பாடமென்றால் வெளியே வாரம் ஆறு மணி நேரம். பதினைந்து வார செமஸ்டருக்கு 90 மணி நேரம், மூன்று பாடங்களுக்கு 270. அதில் பாதியைத்தான் அக்கா சுமந்தாள் என்று வைத்துக்கொண்டாலும் 135 மணி நேரம், அதுவும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த பிறகு. அதற்குக் கிடைத்த கிரேடெல்லாம் உன் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், உன் பெயரில் இருக்கிறது. அவள் பெயரில் ஒரு கிரெடிட்கூட இல்லை. அவள் சம்பளத்தில் ஒரு பங்கு உன் கட்டணத்துக்கும் போகிறதா? நீ எழுதவில்லை. போகிறதென்றால், அவள் காசு கட்டி, அவளே படித்து, அவளே எழுதி, பட்டத்தை மட்டும் நீ வாங்கப் போகிறாய்.

தம்பிக்காக அக்கா விட்டுக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறித்தான் பல குடும்பங்கள் கரையேறியிருக்கின்றன. ஆனால் மேலே போனவன் குனிந்து கைகொடுத்து, கீழே நிற்பவரையும் தூக்கிவிட வேண்டும். அது கடன். நீ கைகொடுக்கவில்லை. இன்னும் அவள் தோளிலேயே நின்றுகொண்டு, அவளுக்கு இது பிடிக்கும் என்கிறாய்.

இந்தப் பாடங்கள் எதற்கு என்று கேட்டாயே. முதல் உலகப் போர் ஓய்ந்த கையோடு, 1919-ல் அமெரிக்காவில் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரி சமகால நாகரிகம் பற்றிய ஒரு பாடத்தைத் தொடங்கி, எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் ஹார்வர்டு பொதுக்கல்விக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு தொழிலில் தேர்ச்சி பெறும் கல்வி வேறு, பொறுப்புள்ள மனிதராக, குடிமகனாக வாழ்வதற்கான கல்வி வேறு, இரண்டும் வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டுமே போர்களை ஒட்டி வந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் போர்களுக்கு ஆயுதம் செய்து கொடுத்தவர்கள் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள்தான்.

வரலாறு படிப்பவர் ஒரு பழைய ஆவணத்தைக் கையில் எடுத்தால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதற்காக உழைத்தவர்களில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது? அந்தக் கட்டுரையை நீயே உட்கார்ந்து எழுதியிருந்தால், உன் டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்கும்போதும் அந்தக் கேள்வி உனக்கு வந்திருக்கும்.

நூற்றுக்கணக்கான பேரை ஒரே அரங்கில் அடைத்து, ஏனோதானோவென்று நடத்தப்படும் பொதுக்கல்வி வகுப்புகள் இருக்கின்றன. அதை எதிர்த்து நீ எழுதியிருந்தால் உன் பக்கம் நின்றிருப்பேன். இந்த நிபந்தனையே வேண்டாமென்றால் பிரவுன் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களும் இருக்கின்றன. அங்கே 1969-லேயே அதை எடுத்துவிட்டார்கள். நீ சேர்ந்த இடத்தில் 42 கிரெடிட் என்பது சேரும்போதே எழுதியிருந்ததுதான்.

விலக்கு எளிதில் கிடைக்காது. ஒரே பாடம் இரண்டு நிபந்தனைகளை நிறைவு செய்யுமா, ஒன்றுக்குப் பதில் வேறொன்றை எடுக்கலாமா என்று அட்வைசரிடம் கேள். எழுத்துப் பயிற்சியைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளாதே. இடம் கிடைக்காமல் போனால் பட்டமே தள்ளிப்போகும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மூன்று பாடங்களின் கட்டுரைகளை நீ எழுதவில்லை என்று பல்கலைக்கழகத்திடம் நீயே போய்ச் சொல். அந்தப் பாடங்களில் எஃப், அதாவது ஃபெயில், வரலாம், இடைநீக்கமும் வரலாம். மறைத்துத் தப்பித்துவிடலாம் என்று எண்ணாதே. இப்படி வாங்கிய பட்டங்களைப் பல ஆண்டுகள் கழித்துப் பறித்த பல்கலைக்கழகங்கள் உண்டு. போவதற்கு முன்பு அக்காவிடமும் பெற்றோரிடமும் உட்கார்ந்து பேசு. எழுதித் தந்ததில் அக்காவுக்கும் தப்பு உண்டு, ஆனால் கேட்டவன் நீ. அவளை முன்னால் நிறுத்திவிட்டு நீ பின்னால் ஒளியாதே.

அக்காவைப் பற்றி இன்னும் முடிக்கவில்லை. எந்தத் துறை என்று முடிவு செய்யாமல் படிக்க வருகிறவர்கள் முதலில் எடுப்பது நீ வீண் என்று சொல்லும் இந்தப் பாடங்களைத்தான். வேறு கல்லூரிக்கு மாறினாலும் பெரும்பாலும் கூடவே கொண்டுபோகக்கூடிய கிரெடிட்டும் இவைதான். பிரிட்டனில் 1971-ல் பாடம் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்தகுதி எதுவும் கேட்காமலே வேலைக்குப் போகிறவர்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த வழியில் நடக்கும் நிறுவனங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அவளுக்காக நீ முடிவெடுக்காதே. படிக்க ஆசையா என்று நேராகக் கேள். இத்தனை நாளில் ஒருமுறைகூட நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய். ஆமாம் என்றால், விண்ணப்பத்தை நீ தேடிக் கொண்டுவா. பகுதிநேர வேலை ஏதாவது செய்து அவளுடைய முதல் பாடத்துக்கான கட்டணத்தை நீ கட்டு. அவள் படிக்க உட்காரும் இரவுகளில் வீட்டு வேலையை நீ பார். எந்தப் பாடத்தில் சேர்ந்தாள் என்று எனக்கு எழுது.