அன்னத்துக்கு விழுந்த வாக்கு

கேள்வி: 2006 இல் எங்களை ஊரைவிட்டு எழுப்பிய படைக்குத் தளபதியாக இருந்தவர் சரத் பொன்சேகா. நான்கு வருடம் கழியுமுன் அவருக்கே திருகோணமலை மாவட்டம் வாக்களித்தது என்றால் என் பேத்தி நம்புகிறாள் இல்லை. அவளுக்கு என்ன சொல்வது?
- வாசகர், சம்பூர்

பதில்: பேத்தி நம்பாததில் பிழையில்லை. 2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பில் இராணுவத் தலைமையகத்தில் அவர்மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அதற்குப் பதிலடியாக அன்று மாலையே சம்பூர்ப் பக்கம் குண்டுகள் விழுந்தன. புலிகள் மூடிய மாவிலாற்று அணைக்கதவைச் சாட்டாக வைத்துச் சண்டை மூண்டு, செப்டெம்பரில் சம்பூர் படையினர் வசமானது. இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்ற பொருளில் 2008 இல் ஒரு கனடாப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தவரும் அவரே.

ஆனால் 2010 ஜனவரி 26 அன்று ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் வெல்லக்கூடியவர்களாக இருந்தவர்கள் இருவர் மட்டுமே: போருக்கு ஆணையிட்ட ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச ஒருவர், போரை நடத்திய தளபதி மற்றவர். திருகோணமலையின் பாராளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரஸும் பொன்சேகாவை ஆதரித்தன. ஊரைவிட்டு எழுப்பப்பட்டுக் கிளிவெட்டி முகாமின் தகரக் கொட்டிலில் இருந்தவருக்குத் தளபதியைப் பிடித்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை; ஆட்சியில் இருந்தவரை வேண்டாம் என்று சொல்ல வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான். பொன்சேகாவின் சின்னம் அன்னம். 2015 இல் மைத்திரிபால சிறிசேனவும் 2019 இல் சஜித் பிரேமதாசவும் அதே அன்னத்தில் வந்தார்கள். மூன்று முறையும் முகம் மாறியது. மூன்று முறையும் நம் மாவட்டம் அன்னத்தின் பக்கமே நின்றது. இதைப் பேத்தியிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கிழக்கு மாகாண ஆளுநராகவும் படை அதிகாரி இருந்தாரே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?
- வாசகர், உப்புவெளி

பதில்: ஒன்றல்ல. 2015 வரை ஆளுநராக இருந்த மொஹான் விஜேவிக்கிரம ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அதில் உங்கள் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. பொன்சேகா வாக்குக் கேட்டு வந்தவர்.

கேள்வி: 2010 தேர்தலில் தோற்ற பிறகு பொன்சேகா எப்படி அமைச்சரானார்?
- வாசகர், கந்தளாய்

பதில்: தோல்விக்குப் பின் அவருக்குக் கிடைத்தது முதலில் சிறைதான். 2010 பெப்ரவரியில் கைதாகி, ஏப்ரலில் கொழும்பு மாவட்டத்தில் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகியும், இராணுவ நீதிமன்றம் விதித்த முப்பது மாதத் தண்டனையால் ஆசனத்தை இழந்து, 2012 மே மாதம் மன்னிப்பில் வெளியே வந்தார். 2015 மார்ச்சில் சிறிசேன அவரை பீல்ட் மார்ஷல் ஆக்கினார். இலங்கையில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதலாமவர் அவர், அதற்கு ஓய்வும் கிடையாது. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 2016 பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் வழியாகவே உள்ளே வந்து பிராந்திய அபிவிருத்தி அமைச்சரானார். 2018 இல் வனஜீவராசிகளும் சேர்ந்தது. யானை வரும் கந்தளாய்க்காரருக்கு அந்தப் பொறுப்பு நினைவிருக்கக்கூடும்.

2020 இல் கம்பஹா மக்கள் அவரைத் தெரிவு செய்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2010 இல் 41 இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றவர், அன்னமும் இல்லாமல் கூட்டணியும் இல்லாமல் 2024 ஜனாதிபதித் தேர்தலில் தனியே நின்றபோது நாடு முழுவதிலும் அவருக்குக் கிடைத்தவை 22,407.